அத்தை பெயரில் ஒரு பொய்த்தேள்

காலையிலிருந்து மாமியார் வாயே திறக்கவில்லை. அந்த வீட்டில் குழாயில் தண்ணீர் வராமல் போகலாம், அவர் குரல் வராமல் போனதில்லை.

பற்றவைத்த புண்ணியவதி நாத்தனார். “ஒரு குருட்டுத் தேளுக்கு உன் பேர வெச்சிருக்காளாம்மா உன் மருமக” என்று போனில் சொல்லிவிட்டாள். சொன்னது அத்தனையும் உண்மைதான். குகை உயிர்களை ஆராயும் மருமகள், இதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு பொய்த்தேளைக் கண்டுபிடித்திருந்தாள். நொய்யரிசி அளவு உடம்பு. முன்னால் தேளைப் போல இரண்டு இடுக்கி உண்டு. வாலும் கொடுக்கும் கிடையாது. தலைமுறை தலைமுறையாக இருட்டிலேயே கிடந்து கண்ணும் இல்லாமல் போயிருந்தது. இவள் குகை குகையாக அலையும்போதெல்லாம் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் மாமியார்தான். அந்த நன்றிக்கு வைத்த பெயர் இப்படியா வந்து முடிய வேண்டும்!

அந்தப் பெயரை அறிவிக்கும் கட்டுரை சாயங்காலம் அச்சுக்குப் போகிறது. போய்விட்டால் பெயரை ஆண்டவனாலும் மாற்ற முடியாது. மருமகள் அவர் அறைக்குப் போனாள். மாமியார் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“பிடிக்கலைன்னா சொல்லுங்க அத்தை, பேர மாத்திடறேன். அதுக்குக் கொட்டக்கூடத் தெரியாது.”

“தேள்னா எனக்கென்ன? என் வாய்க்கு அதான் பொருத்தம்னு எனக்கே தெரியும்.” ஒரு சட்டையை நீவிவிட்டார். “உனக்கு யாரு சொன்னது?”

“எத அத்தை?”

“எனக்குக் கண்ணு போயிட்டிருக்கறத. டாக்டர்கிட்ட தனியாத்தானே போனேன்?”

“கண்ணா? என்ன அத்தை சொல்றீங்க?” என்றாள் மருமகள். சத்தியமாக அவளுக்குத் தெரியாது.

“சரிதான், நானே வாயக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்” என்றார் மாமியார். “அது எப்படி நடமாடுது?” என்று கேட்டார்.

“இடுக்கியில நீளநீளமா முடி இருக்கு. காத்து அசைஞ்சாலே தெரிஞ்சுக்கும். எரையக்கூட அப்படித்தான் பிடிக்கும்.”

“பொழச்சுக்குதுல்ல? அப்ப பேரு இருக்கட்டும்.”

மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஏன் அத்தை எங்ககிட்ட மறைச்சீங்க?”

“சொன்னா குழந்தைய என் கையில கொடுப்பியா?”

கொடுப்பேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அவரிடம் போய்ப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“நான் பக்கத்துல இருந்தா கொடுப்பேன் அத்தை.”

மாமியார் அடுத்த துணியை எடுத்து, தையலைத் தடவிப் பார்த்து மடித்தார்.

“அப்ப இரு” என்றார்.