மண்டோரின் மறதியும் மூன்று டாக்டர்களும்

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் நாராயணசாமி மண்டோருக்குத் தன் கேங்கில் இருந்த அறுபத்திரண்டு பேரின் பெயர்களும் தலைகீழ்ப் பாடம். இருபத்து நான்கு வருடங்களாக விடியற்காலையில் ஆளெடுக்கும் பெரட்டில், பேர்ப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூச்சு விடாமல் கூப்பிட்டு முடித்துவிடுவார். கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலேயே திறக்கப்படாத புத்தகம் அதுவாகத்தான் இருக்கும்.

எண்பத்தாறாம் வருடத் தீபாவளி கழிந்த கையோடு, ஒருநாள் பதினேழாவது ஆளிடம் வந்து நின்றுவிட்டார். எதிரே நின்றவள் பக்கத்து வீட்டுக் கங்கா. அவள் பிறந்த அன்று லயத்து வீடுகள் முழுக்க மிட்டாய் கொடுத்தவரே அவர்தான். வாய் திறந்தது, பெயர் வரவில்லை.

"கங்கா. இருக்கேன்," என்றாள் அவளே.

அடுத்து நின்ற செல்லனும் யோசிக்கவில்லை. "செல்லன். இருக்கேன்." அப்படியே வரிசை கடைசிவரை ஓடியது. மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். யாரும் சிரிக்கவில்லை. தாமதமாக வந்ததற்கு அவரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளாத ஆள் அந்த வரிசையில் ஒருவர்கூட இல்லை, இருந்தும் சிரிக்கவில்லை. மண்டோர் தலையை மட்டும் ஆட்டினார்.

செய்தி ஆபீசுக்குப் போகாமல் இருக்குமா? கணக்கெழுதும் கிராணி அழகேசன் வந்து காதோடு சொன்னார்.

"அடுத்த மாசம் பத்தாம் தேதி மேனேஜர் பெரட்டுக்கு வர்றாரு அண்ணே. நீங்களே எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடணுமாம். இல்லன்னா வேற மண்டோர் போட்டுடுவாங்க. வீட்டையும் காலி பண்ணணும் லா."

அன்று மத்தியானம்தான் நாராயணசாமி அந்தப் புத்தகத்தைத் திறந்தார். எழுத்தெல்லாம் எறும்பாய் ஊர்ந்தது. மூடிவிட்டார்.

அவர் மனைவி காளியம்மாவுக்கு வேறு கணக்கு. மனுஷன் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்கிறார். செருப்பை அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறார். நாக்கு காய்கிறது என்று குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கிறார். அடுத்த சனிக்கிழமை அவரை பஸ்ஸில் ஏற்றி, கோலசிலாங்கூரில் புதிதாகக் கிளினிக் திறந்திருந்த டாக்டர் சந்திரிகாவிடம் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

"வேற டாக்டர்கிட்ட ஏதும் மருந்து சாப்பிடுறீங்களா ஐயா?"

"சேச்சே. இல்ல டாக்டர்."

இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது, மரியாதை. ஒரு டாக்டரிடம் இன்னொரு டாக்டரின் பெயரை எடுப்பது, சம்பந்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டு அடுத்த வீட்டுச் சாம்பாரைப் புகழ்வது மாதிரி. அந்த மரியாதையை அவர் ஏற்கெனவே போய்வந்த மூன்று டாக்டர்களிடமும் குறையில்லாமல் காப்பாற்றி வந்தார்.

காளியம்மாவுக்கு அவ்வளவு மரியாதை தெரியாது. கூடையிலிருந்து மைலோ டின்னை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். மஞ்சள் மாத்திரை, தோட்டத்து மருந்தகத்தில் அரிப்புக்குக் கொடுத்தது. வெள்ளை, பத்தாங் பெர்ஜுந்தாயில் வயிற்றுவலிக்கு. சின்னச் சிவப்பு, கோலா குபு பாருவில் மச்சான் வீட்டுக்குப் போனபோது தூக்கத்துக்கு வாங்கியது.

"மூணு மாசமா எல்லாத்தையும் மூணு வேளை முழுங்குறாரும்மா. சிவப்பு மட்டும் படுக்கப்போறப்ப. வீணாக்கக்கூடாதாம்."

டாக்டர் ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்த்தார். "வாய் காயுதா? எழுத்து மங்குதா? வெளிக்குச் சரியாப் போறதில்லையா?"

மண்டோர் மிரண்டுபோனார். அவர் மறதிக்காகத்தானே வந்தார்?

"எல்லாம் ஒண்ணுதான் ஐயா. மூளையில ஒரு சேதியைப் பதிய வைக்க ஒரு ரசாயனம் ஓடும். அது வந்து உக்கார ஒரு இடம் வேணும். ரிசெப்டர்னு பேரு. எச்சில் ஊறுறது, குடல் அசையிறது, எல்லாத்துக்கும் அந்த மாதிரி இடம் உண்டு. இந்த மூணு மாத்திரையும் வேலை செய்ய வராது, ஆனா அந்த இடத்துல ஏறி உக்காந்துக்கும். உங்க பெரட்டுல, வேலையே செய்யாத ஆளுங்க முதல்லயே வந்து வரிசையை அடைச்சுக்கிட்டா?"

"நம்ம ஆளுங்க எங்க நிப்பாங்க?"

"அதேதான். பேரெல்லாம் உள்ளதான் இருக்குன்னு நினைக்கிறேன். கூப்பிடத்தான் முடியல. மூளை கெட்டுப்போகல ஐயா."

கடைசி வாக்கியத்தை மண்டோர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மறந்துபோனதால் அல்ல.

மஞ்சளும் வெள்ளையும் அன்றே நின்றன. சிவப்பை மட்டும் பாதியாக்கி, பிறகு கால் ஆக்கி நிறுத்தச் சொன்னார் டாக்டர். ஐந்தாம் நாள் மண்டோரால் ஒழுங்காக எச்சில் துப்ப முடிந்தது. காளியம்மா சாமிப் படத்துக்குச் சூடம் ஏற்றினாள். பிறகு பேப்பரில் எழுத்து நின்றது. அப்புறம் பெயர்கள் ஒவ்வொன்றாய் வந்தன. செல்லன் குளிக்கும்போது வந்தான். கங்கா வந்தபோது மண்டோர் தோசையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார்.

பத்தாம் தேதி மேனேஜர் பெரட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மண்டோர் ஆரம்பித்தார். அறுபத்தொரு பேர் தடங்கலில்லாமல் ஓடினார்கள். கடைசி ஆளிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

அந்தக் கடைசி ஆள் காளியம்மா. கல்யாணமான நாள் முதல் மண்டோர் அவளை நாலு பேர் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரட்டில் அவள் முறை வந்தால் பெயருக்குப் பதில் ஒரு இருமல்தான். பெயர் நாக்கு நுனியில் இருந்தது. வெட்கம் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. இதற்கு எந்த டாக்டரும் மாத்திரையை நிறுத்தச் சொல்ல முடியாது.

கங்காவால் பொறுக்க முடியவில்லை. "காளி..." என்று ஆரம்பித்தவளைக் காளியம்மா முறைத்து அடக்கினாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"காளியம்மா," என்றார் மண்டோர்.

"இருக்கேன்," என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. அறுபத்தொரு பேரும் ஹோவென்று கத்தினார்கள். மேனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேனாவை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

கூட்டம் கலையவில்லை. மண்டோர் தொண்டையைச் செருமினார். "மூணு வாரமா நீங்களே சொல்லிக்கிட்டீங்க. ஒருத்தரும் என்னைக் காட்டிக் குடுக்கல. ரொம்ப நன்றி."

செல்லன் கலவரப்பட்டுப் போனான். "அக்கா, மண்டோர் நன்றி சொல்றாரு. மறுபடியும் மாத்திரை ஏதும் போட்டாரா?"

"இல்லடா," என்றாள் காளியம்மா.

மண்டோர் அவன் பக்கம் திரும்பி, பெயரோடு சேர்த்து இன்னொரு தடவை சொன்னார். பிறகு கங்காவுக்கு. பிறகு அடுத்த ஆளுக்கு. அறுபத்திரண்டு பேருக்கும் சொல்லி முடித்து வேலைக்கு அனுப்பியபோது, தோட்டத்துச் சரித்திரத்தில் முதல்முறையாக, நாராயணசாமியின் கேங் அரைமணி நேரம் தாமதம்.