பெயர் போடாத பதில்

விளையாட்டு வெளிவந்து மூன்று வாரம். அதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம் மேரிம் கருத்துக் கேட்டுவிட்டாள். நானூற்றுப் பதினோரு பேர் எழுதியது ஒன்றேதான்: எல்லாம் நல்லா இருக்கு. சிலர் கூடவே அவளுக்கு நீண்ட ஆயுளும் நல்ல மாப்பிள்ளையும் அமைய வாழ்த்தியிருந்தார்கள். வலியக் கேட்டவளிடம் குறை சொல்லத் தெரியாத சனம். அவர்களிடம் போய் "என்ன குறை?" என்று கேட்பதற்கென்றே ஒருத்தியை வேலைக்கு வைத்தால் வேறென்ன கிடைக்கும்?

விளையாட்டின் பெயர் 'நாலு பேர் என்ன சொல்வாங்க'. தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு பழைய அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நிஜமாகவே நாலே பேர் உட்கார்ந்து செய்தது. ஒரு குடும்பத்தார் எல்லாரும் அவரவர் போனிலிருந்து ஒரே குழுவாகச் சேர வேண்டும். தினம் ஒரு கேள்வி வரும். பதில் எழுதிப் போட்டால், மறுநாள் எல்லாருடைய பதிலும் பெயரில்லாமல் வரிசையாக வந்து நிற்கும். பெரும்பாலோர் சொன்னதையே சொன்னவருக்குப் புள்ளி. எதை யார் எழுதினார் என்று கடைசிவரை தெரியாது. அதுதான் அதில் ருசி.

மீதி இருந்த ஒரே ஒருத்தி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். "பெயர் தெரியாதுன்னு சொன்னீங்க. தெரிஞ்சுபோச்சு. என் பிள்ளையை என்கிட்டேர்ந்து பிரிச்சுட்டாங்க." கீழே ஒரு போன் எண்.

மேரிம் அதை குபாத்திடம் காட்டினாள். நாலு பேரில் அவன்தான் தலைவன். கணினிக்குள் நடப்பதெல்லாம் அவன் கைவேலை.

"பெயர் வெளியே போகாது. எங்கம்மா மேல சத்தியமா போகாது," என்றான்.

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுதாம்?"

"ஏதாவது குடும்பச் சண்டையா இருக்கும். ஊர்ல எவ அழுதாலும் உனக்குக் கூட அழணுமே. போ, போய்க் கேட்டுட்டு வா. அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கோம்."

தொக்மோக் ஊரில் வேன் நிற்குமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. புருலாய் அங்கே காத்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். முன்னால் சூடாக இறைச்சி சம்சா இருந்தது, அவள் தொடவில்லை. பேச்சை வளர்க்காமல் போனைத் திறந்து நீட்டினாள்.

கேள்வி இது: இன்றைக்குச் சாப்பாட்டு விரிப்பில் உங்கள் பக்கத்தில் ஒருவரைக் கூட்டிவந்து உட்கார வைக்கலாம் என்றால், யாரை?

கீழே ஐந்து பதில். அஸ்கத். அஸ்கத். அண்ணன். நான்தான், வேற யாரு! கடைசியில், சுருட்டை முடிக்காரர்.

"மேல ரெண்டு தடவை இருக்கறது என் வீட்டுக்காரர் பேரு. மாஸ்கோவுல கட்டட வேலை. 'நான்தான்'னு போட்டது அவரேதான்," என்றாள் புருலாய். "மாமியாரும் பெரிய நாத்தனாரும் அவர் பேரைப் போட்டாங்க. அண்ணன்னு போட்டது சின்ன நாத்தனார்."

"சுருட்டை முடிக்காரர்?"

"அவரோட தம்பி. போன வருஷம் மலைப்பாதையில வண்டி உருண்டு போயிட்டார். இருபத்து மூணு வயசு."

அதற்கு மேல் மேரிமுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மருமகளாகப் போனவள் புகுந்த வீட்டார் யார் பெயரையும் வாயால் சொல்ல மாட்டாள். ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்வாள். சொல்லிச் சொல்லி, எழுதவும் கை வராமல் போய்விடும். அந்தக் குழுவில் ஐந்து பேர் இருக்கலாம். இறந்துபோன தம்பி எர்மெக்கை எர்மெக் என்று எழுதாமல் பட்டப்பெயரில் எழுதக்கூடியவள் மருமகள் ஒருத்திதான். குபாத்தின் கணினி யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் மரியாதையே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

பதிலைப் பட்டியலாக வைத்துவிடலாம், அண்ணன், தம்பி, அம்மா என்று இருப்பதைத் தொட்டால் போதும் என்றுதான் குபாத் சொன்னான். வேண்டாம், அவரவர் கூப்பிடுகிற மாதிரியே எழுதட்டும், அப்போதுதான் உயிர் இருக்கும் என்று ஒற்றைக் காலில் நின்று சாதித்தவள் மேரிம். பாராட்டுகூட வாங்கியிருந்தாள்.

"புருஷன் ஊர்ல இல்லாதப்ப செத்த கொழுந்தனைக் கேக்குறியாடின்னு பெரிய நாத்தனார் குதிச்சுட்டாங்க," என்றாள் புருலாய். "என் வீட்டுக்காரரும் போன்லயே, இவளைக் கொண்டுபோய் அவங்க அண்ணன் வீட்டுல விடுங்கன்னு கத்தினார். என் பொண்ணு அய்பிகேயைக் கொடுக்கல. நாலு வயசுதாக்கா அவளுக்கு. தூங்கறப்ப என் காதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா."

மேரிம் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். வாய் கேட்டுவிட்டது. "ஏன் அவர் பேரைப் போட்ட?"

புருலாய் போன் திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த வீட்டுக்குப் போய் ஆறு வருஷம். எல்லாருக்கும் டீ ஊத்துறது நான். என் கிண்ணம் ஆறி, மேல ஆடை கட்டி நிக்கும். அவர் ஒருத்தர்தான், 'அண்ணி, அந்தக் கெட்டிலை இப்படிக் குடுங்க, நீங்க உக்காருங்க'ன்னு எனக்கு ஊத்துவார். ஊத்திட்டு, 'குடிங்க, இல்லன்னா ஊரைக் கூட்டி அண்ணிக்கு டீ ஊத்தின முதல் கொழுந்தன் நான்னு அறிவிப்பேன்'னு மிரட்டுவார். அவ்வளவுதான் அக்கா. வேற ஒண்ணுமில்ல. பக்கத்துல யார் உக்காரணும்னு கேட்டீங்க. அவர் ஞாபகம் வந்துச்சு, எழுதிட்டேன்."

பிறகு அவளே சொன்னாள். "மெஷின் தப்பு பண்ணிடுச்சுன்னு நீங்க வந்து சொல்லுங்கக்கா. விளையாட்டைச் செஞ்சவங்க சொன்னா நம்புவாங்க. அய்பிகே கிடைச்சா போதும்."

மேரிம் அங்கேயே உட்கார்ந்து அந்தக் குழுவின் பழைய பதில்களைப் புரட்டினாள். முதல் நாள் கேள்வி, உங்களை அதிகம் சிரிக்க வைத்தவர் யார் என்பது. அதற்கும் ஒருவர் 'சுருட்டை முடிக்காரர்' என்று போட்டிருந்தார். அப்போது யாரும் குதிக்கவில்லை; எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்களாம். பொய்க்கு அது போதும். குபாத்துக்கு போன் போட்டுச் சொன்னாள்.

"பைத்தியமா உனக்கு? ஜனங்க போட்ட பதிலை நம்ம மெஷின் மாத்திக் காட்டுதுன்னு நீயே சொன்னா, தொக்மோக் பூரா அதைத்தான் சொல்லும். கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"மூடலாம்," என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

வீட்டில் சைரகான் இருந்தார், புருலாயின் மாமியார். பருத்த உடம்பு, வெள்ளைத் தலைத்துணி. பெரிய நாத்தனார் ரோசா வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். விருந்தாளி என்பதால் விரிப்பு விரித்து, ரொட்டியும் ஜாமும் வைத்து, பிறகுதான் முறைத்தாள். புருலாய் உள்ளே வராமல் கதவுக்கு வெளியே செருப்பு விடும் இடத்தில் நின்றாள்.

மேரிம் சொன்னாள். புருலாய் எழுதியது 'பிள்ளையோட அப்பா' என்று. மெஷின் அதை விழுங்கிவிட்டு, முதல் நாள் பதிலை எடுத்து இந்தக் கேள்விக்கு ஒட்டிவிட்டது. தப்பு முழுக்க எங்களுடையது, மன்னிக்க வேண்டும்.

"நல்லா வாய்ப்பாடம் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கா," என்றாள் ரோசா. "ஏம்மா, இவ்வளவு தப்பு பண்ற மெஷினை வச்சுத்தான் ஊரைக் கெடுக்குறீங்களா?"

"ஆமாக்கா. அதான் குறை கேட்டு வந்திருக்கேன்."

சைரகான் ரொட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். "இதைத் தொட்டுச் சொல்லு பொண்ணே."

பொய்ச் சத்தியம் செய்தவளை ரொட்டி விடாது என்று கேட்டு வளர்ந்தவள்தான் மேரிம். கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். ரொட்டி மேல் கையை வைத்தாள். "மெஷின் தப்புதாம்மா."

சைரகான் ரொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு ரோசாவைப் பார்த்து, "பிள்ளையைக் கூட்டிட்டு வா," என்றார்.

அய்பிகே உள்ளறையிலிருந்து ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். புருலாய் அப்படியே தரையில் உட்கார்ந்து அவளை அள்ளிக்கொண்டாள். சத்தம் வராமல் அழுதாள். வந்த காரியம் முடிந்தது, சட்டென்று எழுந்து போய்விடலாம் என்று மேரிம் நினைத்தாள்.

"அப்ப ஒருத்தருமே அவனைக் கேக்கலையா?" என்றார் சைரகான்.

யாரிடம் கேட்கிறார் என்று தெரியவில்லை. அவர் கண் விரிப்பின் மேல் இருந்தது.

"நான் அஸ்கத் பேரைப் போட்டேன். தனியா அவ்வளவு தூரத்துல கிடக்கான், பாத்தா சந்தோஷப்படுவானேன்னு போட்டேன். பெத்தவ நானே எர்மெக்கை எழுதல. மறுநாள் பாத்தா அவனுக்குன்னு ஒரு பதில் நிக்குது. கோவம் வந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ரோசா கத்தினப்ப நானும் கத்தினேன். ஆனா அப்புறம் தினம் போனைத் திறந்து அந்த ஒரு வரியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இந்த வீட்டுல யாரோ ஒருத்தருக்காவது என் பிள்ளை பக்கத்துல வேணும்னு இருந்துச்சேன்னு." புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "அதுவும் மெஷின் போட்டதாமே."

மேரிமுக்கு அந்த நிமிஷம் செத்துப்போகலாம் போல இருந்தது. ரோசா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைரகான் கதவுப் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் துளியும் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "நீ சொல்லு புருலாய். நீ எழுதலையா?"

புருலாய் நிமிர்ந்தாள். அவள் வாய் திறந்ததை மேரிம் பார்த்தாள். ரோசாவும் திரும்பிப் பார்த்தாள். அய்பிகே அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து, அவள் காதைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா," என்றாள் புருலாய். "நான் எழுதல."

சைரகான் மெல்லத் தலையாட்டினார். பக்கத்தில் இருந்த போனை எடுத்து, அந்த வரி இருந்த இடத்தைத் திறந்து, மேரிமிடம் நீட்டினார்.

"அப்ப இதை அழிச்சிடு பொண்ணே. எனக்கு அழிக்கத் தெரியாது."

மேரிம் வாங்கி அழித்தாள்.