எதிர்க்கட்சிக்கு வந்த சுளுக்கு

கூடைப்பந்து சங்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ‘எதிர்க்கட்சி’ என்று பெயர். கடையில் அவர் பரம சாது. பவர் பார்த்து, லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, “இப்ப தெளிவா தெரியுதா?” என்று கேட்கிற குரல் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. ஆனால் சங்கத்தின் ஆட்டக்கூடத்துக்குள் கால் வைத்தால் போதும், “எதிர்க்கட்சி வந்தாச்சு!” என்று சீனியர் அணியிலிருந்து ஜூனியர் வாண்டுகள் வரை ஆரம்பித்துவிடுவார்கள்.

பெயர் வந்த கதை அவர் மகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் இறுதிப் போட்டி. இடைவேளை முடிந்ததும் இரண்டு அணிகளும் பக்கம் மாற வேண்டும். அதுவரை காத்த கூடையில்தான் இனிமேல் பந்தைப் போட வேண்டும். களத்தில் மற்ற ஒன்பது பேருக்கும் அது நினைவிருந்தது. இவர் மட்டும் பந்தை வாங்கிக்கொண்டு பறந்து போய், சொந்த அணியின் கூடையிலேயே வெகு அழகாகப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கைதட்டலுக்காகக் காத்திருந்தார். ஸ்கோர் மேஜையில் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கவலைப்படாதீங்க, இது உங்க பேர்ல ஏறாது. சட்டப்படி எதிரணி கேப்டன் பேர்லதான் எழுதணும்” என்றாள். அந்தப் பெண்ணைத்தான் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டார். கூட ஆடிய பஸ் டிரைவர்தான் பட்டம் கொடுத்தார். “ஊர்ல இருக்கற கண்ணையெல்லாம் சரி பண்ற, உனக்குக் கூடை தெரியலையாடா எதிர்க்கட்சி?”

மகளிடம் வேறு கதை கட்டியிருந்தார். “சங்கக் கூட்டத்துல யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசுவேன்மா, அதான் அந்தப் பேரு.” சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டாமா? அதனால் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று எதையாவது எதிர்த்தார். கிழிந்த வலையை மாற்றலாமா என்று கேட்டாலும், “இதை நான் வன்மையா எதிர்க்கறேன்” என்பார். பாவம், வலை மாற வேண்டும் என்று அவரைவிட ஆசைப்பட்டவர் யாருமில்லை.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், பதினைந்து வயது மகள் ஜூனியர் அணியில் ஆடினாள். அப்பா சீனியர் கேப்டன் என்பதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. “எங்கப்பா களத்துல எதுக்கும் பயந்ததே கிடையாது” என்று தோழிகளிடம் சொல்வதை அவர் காதாலேயே கேட்டிருக்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு நிறையும், கூடவே கட்டிய கதையும் ஞாபகத்துக்கு வரும்.

இந்த வருடம் சங்கத்துக்கு இரட்டைச் சந்தோஷம். ஜூனியர் பெண்களும் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள், சீனியர்களும் வந்துவிட்டார்கள். இரண்டும் ஒரே நாளில், சங்கத்தின் சொந்தக் கூடத்தில். நாலு மணிக்கு ஜூனியர், ஆறு மணிக்குச் சீனியர். தரைக் கோடுகளை எல்லோருமாகச் சேர்ந்து முட்டி தேயப் புதிதாக வரைந்திருந்தார்கள். ஜூனியர் பெண்களுக்குப் பயிற்சியாளர் பஸ் டிரைவர். ஸ்கோர் மேஜையில் வழக்கம்போல மனைவி. கண்ணாடிக்காரர் சீனியர் பனியனை மாட்டிக்கொண்டு, ஜூனியர் பெஞ்சுக்கு நேர் பின்னால் முதல் வரிசையில் இடம் பிடித்தார்.

முதல் பாதி முடிந்தபோது ஜூனியர்கள் நாலு புள்ளி முன்னால் இருந்தார்கள். அணி எடுத்த புள்ளிகளில் பாதி மகள் போட்டது. அவர் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. நடுக்கோட்டிலிருந்து வந்த பந்து மகள் கைக்கு வந்தது. திரும்பினாள், ஓடினாள். என்ன வேகம்! கூடம் முழுக்க எழுந்து நின்றது. கண்ணாடிக்காரருக்கு மட்டும் பகீரென்றது. எதிரணியில் ஒருத்திகூட அவளைத் துரத்தவில்லை. யாரும் துரத்தாத ஓட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பது அந்தக் கூடத்தில் அவருக்குத்தான் முதலில் புரியும்.

“நில்லும்மா! அந்தப் பக்கம் இல்ல!” என்று அவர் கத்துவதற்குள் பந்து வலைக்குள் இறங்கிவிட்டது. அப்புறம் சிரிப்பு, கூரை அதிர. மேஜையில் மனைவி பேனாவை எடுத்து, எதிரணிக் கேப்டன் பேரில் இரண்டு புள்ளி எழுதினாள்.

பஸ் டிரைவர் உடனே டைம்-அவுட் கேட்டார். ஒரு நிமிடம். மகள் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் தலையை மூடிக்கொண்டாள்.

“நான் இனிமே இறங்க மாட்டேன், சித்தப்பா. வேற யாரையாவது அனுப்புங்க.”

“அட, ரெண்டு பாயிண்ட்தானே? எழுந்திரு கண்ணு.”

“மாட்டேன். எங்கப்பா முகத்துல எப்படி முழிப்பேன்?”

கண்ணாடிக்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தடுப்புக் கம்பிக்கு மேலாகக் குனிந்து, “எனக்கு ஏன் எதிர்க்கட்சின்னு பேரு, தெரியுமா?” என்றார்.

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “கூட்டத்துல சண்டை போடுவீங்க.”

“பொய். இதே மாதிரிதான் நானும் போட்டேன். இதே கூடம், இதே கூடை.”

துண்டு மெல்ல விலகியது. மகள் பஸ் டிரைவரைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

“அப்புறம் என்னப்பா பண்ணீங்க?”

இந்தக் கேள்விக்குத்தான் அவர் இத்தனை வருடமாகப் பயந்தார். கூடை மாறிய கதை ஊர் சிரித்துத் தீர்த்த கதை. இது யாருக்கும் தெரியாதது. இதைச் சொல்லிவிட்டால், ‘எதுக்கும் பயந்ததே கிடையாது’ என்கிற அப்பா அங்கேயே காலி.

“திரும்ப இறங்கலம்மா. சிரிப்பாங்கன்னு பயம். கால் சுளுக்கிடுச்சுன்னு சொல்லிட்டு இதே பெஞ்சுல உட்கார்ந்துட்டேன். நாலு பேரும் மாத்தி வந்த ஒருத்தனுமா மல்லுக்கட்டி, ஒரே பாயிண்ட்ல தோத்தாங்க. கூடை மாறினதுகூடப் போகட்டும். உட்கார்ந்தேன் பாரு, அதுக்குத்தான் இன்னும் வெட்கப்படறேன்.”

பஸ் டிரைவர், “டேய்! சுளுக்கே இல்லையா? உன்னை முதுகுல தூக்கிட்டு மூணு தெரு நடந்தேனேடா பாவி!” என்று அலறினார்.

மகள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். ஏமாற்றமா, கோபமா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. மணி அடித்தது. அவள் துண்டை அவர் கையில் திணித்துவிட்டுக் களத்துக்குள் நடந்தாள். கூட்டத்தில் யாரோ, “பார்த்துப் போம்மா, கூடை அந்தப் பக்கம்!” என்று கத்தினார்கள். அவள் திரும்பி அந்தத் திசைக்கு ஒரு கும்பிடு போட்டாள். சிரிப்பு கிளம்பியது, ஆனால் இந்த முறை அது அவள் பக்கத்துச் சிரிப்பு.

அதற்கப்புறம் அவள் ஆடியது ஆட்டம். விழுந்தாள், எழுந்தாள், முட்டி சிராய்த்ததைத் துடைத்துவிட்டு ஓடினாள். கடைசிப் பத்து நொடியில் ஜூனியர்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது பந்து மறுபடி அவள் கைக்கே வந்தது. கூடைக்கு அடியில் போனவள், எதிரே நின்றவளை ஏமாற்றிவிட்டு, அந்த அவசரத்திலும் விரலை நீட்டி, ‘இதுதானே?’ என்று பெஞ்சைப் பார்த்தாள்.

“அதேதான்டி! போடு!” என்று கண்ணாடிக்காரர் போட்ட சத்தத்தைக் கேட்டிருந்தால் கடைக்கு வருகிறவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

போட்டாள். மணி அடித்தது. ஒரு புள்ளியில் ஜூனியர்கள் ஜெயித்தார்கள். கண்ணாடிக்காரர் மகளின் துண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்கோர் மேஜையில் மனைவி, நடுநிலைமை எல்லாம் காற்றில் பறக்க, பேனாவோடு எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

சிறந்த ஆட்டக்காரிக்குக் கேடயம் கொடுக்க வந்தவர் வெளியூர்க்காரர். ஒலிபெருக்கியை நீட்டி, “உன் பேரு என்னம்மா?” என்று கேட்டார்.

“எதிர்க்கட்சி” என்றாள் மகள்.

கூடம் குலுங்கியது. வெளியூர்க்காரர் விழித்தார். “அது என்ன பேரு?”

“எங்கப்பா பேருங்க. இன்னையிலேர்ந்து எனக்கும் அதுதான்.” பிறகு முதல் வரிசையைக் கைகாட்டினாள். “அதோ, அவர்தான் எங்கப்பா. எங்க பெஞ்சு முழுக்கக் கேக்கற மாதிரி உண்மையைச் சொல்லிட்டுத்தான் என்னை உள்ள அனுப்பினார். இப்பவும் சொல்றேன், அவர் எதுக்கும் பயப்பட மாட்டார்.”

ஆறு மணிக்குச் சீனியர்கள் களமிறங்கினார்கள். கூடம் முழுக்க ‘எதிர்க்கட்சி, எதிர்க்கட்சி’ என்று முழங்கியது. இருபத்திரண்டு வருடமாகக் கூனிக் குறுகிக் கேட்ட பெயரை, கண்ணாடிக்காரர் அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்து கேட்டார். பஸ் டிரைவர் பக்கத்தில் வந்து முழங்கையால் இடித்தார்.

“என்னடா, கால் எப்படி இருக்கு?”

“இப்பதான்டா சரியாச்சு” என்றார் கண்ணாடிக்காரர்.