ஐந்தாவது கறுப்புப் பெட்டி

நான்காவது பெட்டியும் போய்விட்டது.

சேக் அலாவுதீன் பெஜோ காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, டெஸ்ட் விளக்கின் முனையை அங்கே வைத்துப் பார்த்தார், இங்கே வைத்துப் பார்த்தார். பேட்டரியிலிருந்து கரண்டு வருகிறது. பெட்டிக்குள் நுழைகிறது. உள்ளே போன கரண்டு என்ன ஆகிறதென்றுதான் தெரியவில்லை. பிளக்கில் பொறி இல்லை. இருபத்திரண்டு வருஷமாகக் காரைக்காலில் பட்டறை வைத்திருக்கிறார். ஓடாத வண்டி எதுவும் அவரிடம் வந்து ஓடாமல் திரும்பியதில்லை. இந்தப் பெட்டி மட்டும் ஒன்பது மாதமாக அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

வண்டி தலத்தெரு தெட்சிணாமூர்த்தியுடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரைச் ‘சொல்தா’, அதாவது பிரெஞ்சில் சிப்பாய், என்றுதான் சொல்வார்கள். ஊர் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த கார் அது. பதினேழு வருஷம், பிளக்குக்குப் பொறி அனுப்புகிற பாயிண்டு, கண்டென்சர் என்று ஒழுங்காக ஓடியது. அப்புறம் அந்தப் பாயிண்டு இங்கே கிடைக்காமல் போனது. எண்பத்து மூன்றில், பிரான்சில் மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவருடைய மைத்துனர் சிதம்பரநாதன் லீவில் வந்தார். பாயிண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த வேலையைச் செய்ய எலக்ட்ரானிக் பெட்டி ஒன்றைக் கொடுத்துப் போனார். சிகரெட் பெட்டி அளவுதான் இருக்கும். பானெட்டுக்குள்ளே சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டில் இரண்டு போல்ட் போட்டு முடுக்க வேண்டும், அவ்வளவுதான். “இனிமே பத்து வருஷத்துக்குப் பானெட்டைத் தொறக்க வேணாம்” என்று சொல்லிவிட்டு அவர் விமானம் ஏறினார்.

ஆவணித் தொடக்கத்தில் போட்ட முதல் பெட்டி நான்கு மாதம் ஓடியது. இரண்டாவது இரண்டு மாதம். மூன்றாவது ஒரு மாதம். நான்காவது ஒன்பதே நாள். ஒவ்வொரு தடவையும் பிரான்சுக்குக் கடிதம் போகும். லீவில் வருகிற யாராவது புதுப்பெட்டி கொண்டுவருவார்கள்.

அலாவுதீன் பார்க்காத இடம் இல்லை. டயனமோ கூடுதலாகக் கரண்டு அனுப்புகிறதோ என்று, அதைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட்டை மாற்றினார். காயிலை மாற்றினார். எர்த் ஒயரைக் கழற்றிச் சுரண்டி, புது ஒயர் போட்டார். பிளக் ஒயர் நான்கையும் மாற்றினார். ஒவ்வொன்றையும் மாற்றும்போது இதுதான் காரணம் என்று மனசு சொல்லும். பெட்டி போனதும் அது இல்லை என்று ஆகிவிடும்.

“உங்களுக்கே கண்ணு பட்டிருக்கும். நாகூருக்குப் போயி ஓதிட்டு வாங்க” என்றாள் மனைவி அஜீசுன்னிசா.

“எனக்குக் கண்ணு பட்டா பெட்டி ஏன்டி சாகுது?”

“உங்க கையிலதானே சாகுது?”

அந்தப் பேச்சு விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் ஊரிலும் அதையே சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அரிசி மில் தங்கையன் தம் அம்பாசிடரை அலாவுதீன் பட்டறைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். “பாய் கை நல்ல கைதான். இப்ப என்னமோ சரியில்ல” என்று டீக்கடையில் சொன்னாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து அலாவுதீன் வேலை செய்யும்போது தம் கைகளைத் தாமே ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

ஐந்தாவது பெட்டியோடு ஒரு கடிதமும் வந்தது. தெட்சிணாமூர்த்தி அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அலாவுதீனு, மச்சான் எழுதியிருக்கான். இதுதான் கடைசியாம். அங்க ஆயிரம் வண்டியில ஓடுற சாமான் இங்க மட்டும் ஏன் எரியுது, மாட்டுறவன் யாருன்னு கேக்குறான்.”

அலாவுதீன் தரையைப் பார்த்தார்.

“நான் உன்ன ஒண்ணும் சொல்லல. ஆனா இதுவும் போச்சுன்னா வண்டிய லாரியில ஏத்திப் புதுச்சேரிக்கு அனுப்பிடுவேன். ஊரு பாக்கும். பாத்தா பேசும். அதுக்கு நான் என்னப்பா செய்ய முடியும்?”

“சரிங்கய்யா” என்றார் அலாவுதீன். சொல்தா வண்டியே வேறு கைக்குப் போனதென்றால், அப்புறம் அவர் பட்டறைக்கு யார் வண்டியைக் கொண்டுவருவார்கள்?

பெட்டி மாட்டுவதற்கென்று அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. தெட்சிணாமூர்த்தியின் மனைவி அன்னபூரணி அம்மாள் பெட்டியைச் சாமி படத்துக்கு முன்னால் ஒரு நாள் வைத்திருப்பார். மறுநாள் காலை அலாவுதீன் கூடத்தில் உட்கார்ந்து உறையைப் பிரிப்பார். பெட்டியின் பின்பக்கம் வெள்ளையாகப் பசை தடவியிருக்கும். துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பெனிக்காரன் தடவிய கிரீஸ் என்று அவர் நினைத்தார். சாமி காரியத்துக்குப் போகிற சாமானாயிற்றே என்று அதைப் பெட்ரோல் துணியால் பளிச்சென்று துடைத்து, பித்தளைத் தட்டில் வைத்து அம்மாளிடம் நீட்டுவார். அம்மாள் சந்தனத்தைக் குழைத்து, நடுவில் குங்குமம் வைப்பார்.

“மேல வச்சா புழுதியில உதிர்ந்துடும் பாய். முதுகுலயே இருக்கட்டும். தகட்டோட ஒட்டிக்கிட்டுப் பத்திரமா இருக்கும்” என்று முதல் தடவையே சொல்லிவிட்டார். அலாவுதீனுக்கும் அது சரியாகவே பட்டது. ஒருவர் மனசார வைத்த பொட்டு. அதில் தம் எண்ணெய்க்கை படக் கூடாதென்று ஓரத்தைப் பிடித்தே கொண்டுபோய் மாட்டுவார். பெட்டி ஒவ்வொன்றாகப் போகப்போக, அம்மாள் சந்தனத்தைக் கூடுதலாக வைத்தார். ஐந்தாவது பெட்டிக்கு முதுகு முழுவதும் பூசிவிட்டார்.

“இந்தத் தடவை ஒண்ணும் ஆகாது பாய். நான் காரைக்கால் அம்மையாருக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்.”

“உங்க வாக்குப் பலிக்கட்டும்மா.”

மாட்டிய நாலாம் நாள் அம்மாளுக்குத் தரங்கம்பாடியில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அலாவுதீன் தாமே ஓட்டுவதாகச் சொன்னார். கூட இருந்து பார்த்தால்தானே என்ன நடக்கிறதென்று தெரியும்? வரிச்சிக்குடி தாண்டும்வரை வண்டி தேன்மாதிரி ஓடியது. வைகாசி வெயில். வயல்கள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. மண்டபத்தூர் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. அப்புறம் பேச்சே இல்லை.

அலாவுதீன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“போயிடுச்சா பாய்?” அன்னபூரணி அம்மாளின் குரல் பின்னாலிருந்து மெதுவாக வந்தது.

“தெரியலம்மா. எனக்கு ஒண்ணுமே தெரியல.”

இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். விளக்கை வைத்தார். அதே கதை. கரண்டு போகிறது, வரவில்லை. எதைத் தொடுவது, எங்கே ஆரம்பிப்பது என்று ஒன்றும் புரியாமல் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அப்போது காலி மீன்கூடையோடு ஒரு பெண் எதிரே வந்தாள். அறுபது வயதிருக்கும். வியாபாரம் முடித்து மண்டபத்தூருக்குத் திரும்புகிறவள். காருக்குள் அம்மாள் வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கூடையை இறக்கினாள்.

“என்னங்க பாய், நின்னுபோச்சா? அம்மாவ இந்த வெயில்ல காய விட்டுட்டீங்களே, இந்தாங்கம்மா” என்று தன் தூக்குச்சட்டியிலிருந்த நீராகாரத்தை மூடியில் ஊற்றி நீட்டினாள். “குஞ்சம்மான்னு சொல்லுவாங்க என்னய. மீன் வாடை அடிக்கும், மூக்கப் புடிச்சுக்கிட்டுக் குடிச்சிடுங்க.”

அம்மாள் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார். குஞ்சம்மா கூடையில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் வந்தாள்.

“இதப் போட்டு மூடுங்க, சூடு தணியும். எங்க பஞ்சாயத்து மோட்டாருக்கு இப்படித்தான் போடுவாங்க.”

“வேணாம், வேணாம். தண்ணி பட்டுடும்…” என்று அலாவுதீன் சொல்வதற்குள், அவள் சாக்கை எங்கே போடலாம் என்று கை வைத்துத் தடவிப் பார்த்தாள். பெட்டியில் விரல் பட்டதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“யம்மாடி! இது என்ன, தோசைக்கல்லாட்டம் கொதிக்குது!” அடுத்து, அது மாட்டியிருந்த தகட்டில் கை வைத்தாள். “அட, இது சும்மா வெதுவெதுன்னுதானே இருக்கு. ஒட்டிக்கிட்டிருக்கிற சாமான் ரெண்டும், ஒண்ணு கொதிக்குது, ஒண்ணு சும்மாருக்கு. இதென்னங்க கூத்து?”

அலாவுதீன் அவளைப் பார்த்தார். பெட்டியைத் தொட்டார். விரல் சுட்டது. தகட்டைத் தொட்டார். சுடவில்லை.

இத்தனை மாதமாக டெஸ்ட் விளக்கை வைத்தே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு தடவைகூடக் கையை வைத்துப் பார்க்கவில்லை. வெயில் ஏற ஏறப் பெட்டியின் ஆயுசு குறைந்துகொண்டே வந்ததும் இப்போதுதான் அவருக்கு உறைத்தது. உள்ளே சூடு பிறக்கிறது. அது தகட்டுக்கு இறங்கிப் போக வேண்டும். இறங்கவில்லை. நடுவில் ஏதோ தடுக்கிறது.

பெட்டி ஆறட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தார்கள். குஞ்சம்மாவும் போகவில்லை; கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, அம்மாளோடு மருமகள் கதை பேசிக்கொண்டிருந்தாள். அலாவுதீன் இரண்டு போல்ட்டையும் கழற்றிப் பெட்டியைத் திருப்பினார். சந்தனம் காய்ந்து, கருகி, சுவர்ப் பூச்சுப்போலக் கனமாக உட்கார்ந்திருந்தது. பெட்டிக்கும் தகட்டுக்கும் இடையில் அது நகம் நுழைகிற அளவு இடைவெளி உண்டாக்கியிருந்தது. நான்கு தடவை கழற்றியபோதும் இதைப் பார்த்தவர்தான்; பொட்டென்று நினைத்தாரே தவிரத் தடுப்பென்று தோன்றவில்லை.

அவருக்குக் காரணம் தெரிந்த சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் என்னவோ ஒரு கலக்கம் வந்தது. இதையா? ஒரு நல்ல மனசு வைத்த பொட்டையா? இதைப் போய் எப்படி அம்மாளிடம் சொல்வது?

காருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஒரு காகிதத்தை விரித்து, கட்டைவிரல் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். ரோட்டில் கொட்ட மனசு வரவில்லை. கால் படாத இடமாகப் பார்த்து, ஒரு தென்னையின் அடியில் காகிதத்தோடு வைத்துவிட்டு வந்தார். இரும்போடு இரும்பு ஒட்டும்படி பெட்டியை முடுக்கிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. சூட்டில் நின்றிருந்ததே தவிர இந்தப் பெட்டி இன்னும் எரிந்துவிடவில்லை.

“எங்க பக்கம் வந்தா சாமான் செட்டோட வாங்க பாய், பஞ்சாயத்து மோட்டாரும் நின்னு கெடக்கு!” என்று குஞ்சம்மா கத்திக்கொண்டே போனாள்.

“என்ன பாய் கோளாறு?” என்று கேட்டார் அம்மாள்.

“சரியா முடுக்கலம்மா. என் தப்புதான்.”

அம்மாள் தரங்கம்பாடிக்குப் போகாமல் வீட்டுக்கே திருப்பச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அலாவுதீன் தெட்சிணாமூர்த்தியிடம் பெட்டியோடு வந்த காகிதத்தைக் கேட்டார். பிரெஞ்சில் அச்சடித்த ஒற்றைத் தாள். ஐந்து பெட்டியோடும் ஒவ்வொன்று வந்து, பிரிக்காத மடிப்போடு அலமாரியில் கிடந்தது. தெட்சிணாமூர்த்தி ஒன்றைப் பிரித்து வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தார். பாதியில் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“பின்னால தடவியிருக்கிற வெள்ளைப் பசையத் தொடைக்கக் கூடாதாம். அதுதான் சூட்ட எறக்கி விடுமாம்.”

“அதத்தான் நான் ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் போட்டுத் தொடச்சேங்க. கிரீசுன்னு நெனச்சிட்டேன். அஞ்சு பெட்டிக்கும் நான்தான் பொறுப்பு.” அலாவுதீன் தலைகுனிந்து நின்றார். “ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பாக்குற கடையில அந்தப் பசை இருக்கும். வாங்கிப் போட்டுடுறேன். இனிமே போகாது.”

தெட்சிணாமூர்த்தியின் முகம் இறுகியது. “நாலு பெட்டி போயிருக்கு அலாவுதீனு. இருபது வருஷத் தொழில்காரன். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“கேட்டிருக்கணுங்க.”

“அவரு பாதிதான் சொல்றாரு” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அன்னபூரணி அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மீதி நான் சொல்றேன். பசைய அவரு தொடச்ச எடத்துல சந்தனத்த அப்புனது நானு. மண்டபத்தூர்ல அவரு சுரண்டுனத நான் ஜன்னல் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அதக் கீழ போடாம மரத்தடியில கொண்டுபோய் வச்சதையும் பாத்தேன். எம் மனசு நோகும்னு வழி முழுக்க வாயத் தொறக்கல மனுஷன்.”

“அம்மா, அது அப்படி இல்லீங்க…”

“சும்மா இருங்க பாய். சாமிக்கு வைக்கிறத மெஷினுக்கு எந்த எடத்துல வைக்கலாம்னு நான் கேக்கல. நீங்களும் சொல்லல. ஒருத்தரை ஒருத்தர் மதிச்சே நாலு பெட்டிய எரிச்சிட்டோம்.”

அலாவுதீனுக்கு இதை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று விளங்கவில்லை. பொய் சொன்னது தப்பா? உண்மையைச் சொல்லியிருந்தால் அது தப்பில்லையா? பக்தியாக வைத்த பொட்டு. மரியாதையாகத் துடைத்த துடைப்பு. இரண்டிலும் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. இருந்தும் வண்டி நின்றது; ஒருவன் பெயரும் கெட்டது. கடவுளுக்கு இதெல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கும். மனுஷனுக்கு, கூட இருக்கிற இன்னொரு மனுஷன் வாய் திறந்து சொன்னால்தான் கொஞ்சமாவது விளங்குகிறது.

தெட்சிணாமூர்த்தி அலமாரியில் மிச்சமிருந்த நான்கு தாள்களையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஐந்திலும் ஒரே எழுத்துத்தான்.

“இந்த வீட்டுல இதப் படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்” என்றார் கடைசியில். “அஞ்சு தடவை என் கைக்கு வந்துச்சு.”

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். ஒரு தாளை மடித்துப் பையில் வைத்தார்.

“வண்டிய எடு அலாவுதீனு. அரிசி மில்லுக்குப் போவோம்.”

“எதுக்குங்கய்யா?”

“தங்கையனுக்கு இதப் படிச்சுக் காட்டணும்.”

“அவருக்குப் பிரெஞ்சு தெரியாதுங்களே.”

“எனக்குத் தெரியும்ல? தமிழ்ல சொல்றேன். டீக்கடையில வச்சே சொல்றேன்.”

“நில்லுங்க, நானும் வர்றேன்” என்று அன்னபூரணி அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார். “நீங்க உங்க தப்ப மட்டும் பெருசா சொல்லிட்டு, என் தப்ப விட்டுட்டு வந்துடுவீங்க.”