ஏழாம் கேள்விக்கான விடை

நேர்முகத்துக்கு இன்னும் நான்கு மணித்தியாலமும் இருபது நிமிடமும் இருந்தன. வத்தேகமயில் கண்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் டொரதி முதலில் கணக்குப் பார்த்தது அதைத்தான். பதினொரு மணிக்குப் பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்களுக்கு வரவேற்பு. ஒன்றரை மணிக்கு அதே கட்டடத்தில் தங்கை ஜசிந்தாவுக்குப் புலமைப்பரிசில் நேர்முகம். பாதுகாவலர் ஒருவரும் கூட வர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது.

“அளவி?” என்று டொரதி மெதுவாகக் கேட்டாள்.

“பியூரெட்.”

“குழாயி?”

“பிப்பெட். ஐயோ அக்கா, பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாங்க. நேத்தும் கேட்ட, காலையில பல்லு வெளக்கும்போதும் கேட்ட. டீச்சரம்மா மாதிரி பாடாப்படுத்துறியே.”

“வடிதாள்?”

“ஃபில்டர் பேப்பர். அதுக்குப் பதிலா அம்மாவோட தேத்தண்ணி வடிய குடுத்துடலாம்.”

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஜசிந்தாவும் அவரைப் பார்த்துச் சிரித்தாள். டொரதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் எல்லாம் தமிழில். பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலத்தில். ஏழு மாதமாக டொரதி தங்கைக்கு ஒவ்வொரு சொல்லாக மாற்றிக் கொடுத்துவந்தாள். இவளுக்கு அது எப்படித் தெரியும் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன் டொரதி இதே விஞ்ஞான பீடத்துக்குப் போனாள். ஒரு சனிக்கிழமை பெட்டியோடு திரும்பி வந்தாள். விடுதித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அம்மா மல்லி அவித்துக் கொடுத்தாள். அடுத்த கிழமை அவள் போகவில்லை. அதற்கடுத்த கிழமையும் போகவில்லை. பக்கத்து லயத்து வீடுகளில் கேட்டவர்களுக்கு, கெம்பஸ் சரிவரவில்லை என்று அப்பா சொன்னார். பிறகு யாரும் கேட்கவில்லை. இப்போது அவள் வத்தேகம சந்தையடியில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறாள். ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் அவள்தான்.

ஜசிந்தாவின் படிவத்தையும் அவளே நிரப்பினாள். ஏழாம் கேள்வி: குடும்பத்தில் எவரேனும் முன்னர் பல்கலைக்கழக அனுமதி பெற்றுள்ளனரா? வீட்டிலிருந்து முதன்முதலாகப் போகும் பிள்ளைக்குத்தான் அந்த நிதியம் உதவி கொடுக்கும். பேனை அந்த இடத்தில் நின்றது. அப்பா அந்தோனிமுத்து பின்னால் நின்றிருந்தார்.

“இல்லைன்னு போடு,” என்றார். “படிச்சி முடிச்சாத்தானே போனதா அர்த்தம்.”

போட்டாள்.

அரசாங்கக் கொடுப்பனவு மட்டும் போதாது, இந்த உதவி கிடைக்காவிட்டால் ஜசிந்தா படிக்கப் போவதில்லை என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கார்மென்ட் வேலைக்கு ஆளும் பேசி வைத்திருந்தார்கள். நேர்முகத்துக்கு யார் கூடப் போவது என்ற பேச்சு வந்தபோது, “நீயே போ. ஒனக்குத்தான் எடம் தெரியும்,” என்றார் அப்பா. சொன்ன கையோடு வெளியே போய்ச் செருப்பைக் கழுவத் தொடங்கினார்.

கண்டியில் பஸ் மாறி, கலஹா சந்தியில் இறங்கி நடந்தார்கள். பீட வாசலில் மஞ்சள் பட்டி அணிந்த மாணவி ஒருத்தி நின்றாள். யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளை.

“வாங்கோ, வாங்கோ. தங்கச்சிதான் புதுசோ? அக்கா, நீங்கள் முதல் தரமோ வாறியள்?”

“ஆமா,” என்றாள் டொரதி.

ஜசிந்தா தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

மண்டபத்தில் பெற்றோருக்குப் பின்வரிசை. பக்கத்துக் கதிரையில் மடவளையிலிருந்து வந்த ஒரு தாய். பெயர் சித்தி றலியா என்றும் மகன் முன்னால் இருக்கிறான் என்றும் சொல்லிவிட்டு டொரதியின் காதோரம் குனிந்தார்.

“மகள், இங்க டொய்லட் எங்க ஈக்கிதோ தெரியல்ல. யார்ட்டயும் கேக்க வெக்கமா ஈக்கிது.”

டொரதி எழுந்து அவரை அழைத்துப் போனாள். பக்கக் கதவு, படியிறக்கம், இரசாயன ஆய்வுகூடத்தைத் தாண்டி இடப்பக்கம். ஆய்வுகூடக் கதவு பச்சையாக இருந்தது. முன்பு மண்ணிறம்.

“நேரா கூட்டி வந்திட்டீங்களே. இங்க வேல செய்யிறதா மகள்?”

“இல்லம்மா. போர்டுல எழுதியிருந்திச்சி.”

அங்கே போர்டு எதுவும் இல்லை. றலியா சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அவர்கள் திரும்பியபோது மேடையில் பேராசிரியர் ஒருவர் ஆங்கிலத்தில் பேசி முடித்திருந்தார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். இருநூறு பிள்ளைகள். ஒவ்வொருவரும் முன்னால் இருந்தவரின் முதுகைப் பார்த்தார்கள். ஒரு கை மட்டும் உயர்ந்தது. ஜசிந்தாவின் கை.



பாடம் விளங்காவிட்டால் யாரிடம் கேட்பது என்று ஜசிந்தா கேட்டாள். ஆங்கிலத்தில், இரண்டு இடத்தில் பிழையாக. யாரோ சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள், ஆனால் உட்காரவில்லை. பேராசிரியர் ஒலிவாங்கியைக் கிட்டப் பிடித்தார். என்னிடம் வாருங்கள், செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் பிறகு அறையில் இருப்பேன், தமிழில் கேட்க வேண்டுமானால் அதற்கும் ஆள் இருக்கிறது என்றார்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. டொரதி கதிரையின் விளிம்பைப் பிடித்தபடி இருந்தாள்.

மரத்தடியில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தார்கள்.

“சிரிச்சாங்க, கேட்டிச்சா?” என்றாள் ஜசிந்தா.

“கேட்டிச்சி.”

“நீ இருந்தப்ப யாராச்சும் சிரிச்சாங்களா?”

“இல்ல.”

“யாராச்சும் ஏசினாங்களா?”

“இல்ல. சாப்பிடு.”

“அப்ப ஏங்க்கா திரும்பி வந்த?”

“தண்ணி ஒத்துக்கல.”

“அந்தத் தண்ணியத்தான் இப்ப ரெண்டு போத்தல் குடிச்சேன். ஒன்னும் ஆகல.”

ஜசிந்தா தன் பார்சலில் இருந்த பாதி முட்டையை எடுத்து அவளுடைய சோற்றில் வைத்தாள்.

நேர்முக அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். நிதியத்தின் செயலாளர் ராஜலிங்கம், சட்டைப்பையில் மூன்று பேனை. பக்கத்தில் பெண் விரிவுரையாளர் ஒருவர். கால் மணித்தியாலம் ஜசிந்தாவைத் தனியாகக் கேட்டுவிட்டு டொரதியையும் அழைத்தார்கள்.

“இருங்க. பிள்ள கெட்டிக்காரி, அதுல பிரச்சின இல்ல,” என்றார் ராஜலிங்கம். “பிரச்சின வேற. போன வருஷம் ஒரு பொம்பளப் பிள்ளைக்குக் குடுத்தோம். ரெண்டு மாசத்துல வீட்டுக்குப் போயிட்டா. அதுக்கு முந்தின வருஷமும் இதே கததான். இந்த மொற ஹேவாஹெட்டயில இருந்து ஒரு பையன் வந்திருக்கான். மார்க்ஸ் கொஞ்சம் கொறைவு. ஆனா நின்னு படிப்பான்னு எனக்குத் தோணுது.”

“தங்கச்சி நல்லா படிப்பா, சேர்.”

“அது றிசல்ட் ஷீட்லயே இருக்கு. நான் கேக்குறது, நிப்பாளா?”

“நிப்பேன் சேர்,” என்றாள் ஜசிந்தா. “தொரத்தினாலும் போகமாட்டேன்.”

விரிவுரையாளர் சிரித்தார். ராஜலிங்கம் சிரிக்கவில்லை. “போன வருஷத்துப் பிள்ளையும் இப்படித்தான் சொன்னிச்சி.”

“ஏன் போகினம் எண்டுதான் எங்களுக்கு விளங்கேல்ல,” என்றார் விரிவுரையாளர். “வீட்டில கஷ்டம், சுகமில்லை எண்டு ஒரு கடிதம் வரும். அவ்வளவுதான். ஒருத்தரும் வந்து கதைக்கிறேல்ல.”

ராஜலிங்கம் ஜசிந்தாவின் கோவையை மூடி ஒரு பக்கமாக வைத்தார். அடுத்த கோவையை எடுத்தார்.

“கஷ்டத்துனால இல்ல,” என்றாள் டொரதி.

“என்ன?”

“அவங்க போறது கஷ்டத்துனால இல்ல, சேர். ஏன் போறாங்கன்னு எனக்குத் தெரியும். இவ அப்படி போகமாட்டா. இவ வாயத் தொறந்து கேப்பா. காலையில மண்டபத்துல அத்தன பேருக்கு முன்னுக்குக் கேட்டா.”

“ஓம், அதை நானும் பாத்தனான்,” என்றார் விரிவுரையாளர்.

ராஜலிங்கம் கையிலிருந்த கோவையைக் கீழே வைக்கவில்லை. “சரி. மத்தவங்க ஏன் போறாங்கன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

மேசைக்குக் கீழே ஜசிந்தா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். “அக்கா, வேணாம்.”

சொன்னால் விதிப்படி உதவி இல்லை. சொல்லாவிட்டால் அது ஹேவாஹெட்டப் பையனுக்கு. டொரதி கையை விடுவித்துக்கொண்டாள்.

“ஏழாம் கேள்விக்கு இல்லைன்னு எழுதினது நான்தான் சேர். அது பொய். எட்டு வருஷத்துக்கு முந்தி இதே பீடத்துல பத்தொம்பது நாள் இருந்தேன். வீட்டுல நான் சொன்ன காரணமும் பொய்.” ஜசிந்தா திரும்பி அவளைப் பார்த்தாள். டொரதி ராஜலிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பாடம் ஒன்னுமே வெளங்கல சேர். வெளங்கலன்னு ஒருத்தர்கிட்டயும் நான் சொல்லல.”