கோயிலுக்குக் கிழக்கை

…கிழக்கு என்று சொன்னது அவளுடைய சொந்தக் குரல்தான், வேறு யாருடையதாக இருக்கும், கசற்றை எத்தனை தரம் திருப்பி ஓடவிட்டாலும் அதே குரல், தடக்குப்படாமல், மூச்சு வாங்காமல், கேட்ட கேள்வி முடிய முன்னரே, "கோயிலுக்குக் கிழக்கை அன்ரி." மங்கையற்கரசி ஹெட்போனைக் கழற்றிக் கொலிஜ் லைப்ரரி மேசையில் வைத்தாள். மணி பதினொன்றரை. ஒரு மணிக்குக் கட்டுரையைக் கசற்றோடு கொடுக்க வேண்டும். சமூக அடுக்கைப் பற்றி உங்கட ஆக்களில் ஒருவரைப் பேட்டி எடுங்கள் என்று சோசியோலொஜி படிப்பிக்கிற றொபேட் சொன்னபோது எவ்வளவு வீறாப்பாகக் கையை உயர்த்தினாள், நான் சாதியைப் பற்றிச் செய்கிறேன் என்று, முப்பது தலையும் திரும்பியது, வகுப்பில் இருந்த மற்றத் தமிழ்ப் பெட்டை செலீன் மட்டும் குனிந்து கொப்பியைப் பார்த்தாள்… வீறாப்பு! அந்த வீறாப்புக்காரிதான் வோபர்ன் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ற் எட்டாம் மாடிச் சோபாவில் இருந்து, வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

பேட்டி கொடுத்த புனிதவதி அன்ரி நல்லவ, அதுதான் எரிச்சலே, மனுசி கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு லேசு. வாசலிலேயே கையைப் பிடித்து, "உந்தக் குளிருக்குள்ள தொப்பி போடாமல் வாறதே, படிச்ச பிள்ளையளுக்கு மூளை இல்லை" என்று ஏசித்தான் உள்ளே கூட்டிக்கொண்டு போனா. ரெக்கோடரை அமத்தி முதல் கேள்வியைக் கேட்க வாயெடுத்தால், கேள்வி அன்ரியிடமிருந்து வருகிறது. "பிள்ளை ஊரில எவடம்?" ஊரின் பெயரைச் சொன்னாள். அதோடு விடுவினமோ? "எட, எங்கட ஊர்! கோயிலுக்குக் கிழக்கையோ மேற்கையோ?" மேற்கில் யார் இருந்தார்கள் என்று அன்ரிக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், கலியாண வீட்டில், தமிழ்க் கடையில், ஆஸ்பத்திரி வரிசையில்கூட எத்தனை பேர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள் இந்தக் கேள்வியை, ஒருத்தரும் சாதி கேட்பதில்லை, திசைதான் கேட்பார்கள். அன்ரி அப்போது குசினி வாசலில் நின்றா, கையில் குடித்துவிட்டு எறிகிற ஒரு ஸ்ரைறோபோம் கப். கிழக்கு என்றதும் கப்பை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்து பூப்போட்ட கோப்பையை எடுத்தா. அதற்காகத்தான் எடுத்தாவா? முதலே அதைத்தான் எடுக்க நினைத்திருந்தாவோ, கப் வேறு எதற்கோ கையில் இருந்ததோ, இதை எந்த ரெக்கோடர் சொல்லும், கோப்பை தட்டத்தில் முட்டுகிற சத்தம் மட்டும் கசற்றில் இருக்கிறது, அதற்குப் பிறகு அன்ரியின் சிரிப்பு, "கனடாவில உதெல்லாம் ஆர் பாக்கினம் பிள்ளை, உது ஊரோட போச்சு." இஞ்சி போட்ட தேத்தண்ணி. அவள் குடித்தாள். அடிமட்டும் குடித்தாள்.

கட்டுரையின் கடைசிப் பக்கம் கேள்வி கேட்டவரைப் பற்றி இருக்க வேண்டும், நீங்கள் யார் என்பதும் பதிலுக்குள் கிடக்கிறது என்று றொபேட் விதி வைத்திருந்தார். காலையில் பஸ்ஸில், மடியில் கொப்பியை வைத்து, அதை இங்கிலீசில் எழுதி முடித்தாள், நான் மேற்கு, நான் பொய் சொன்னேன், என்ன சாதி, ஏன், எல்லாம், இறங்கும் இடம் வர முன்னரே. பாடப்புத்தகத்தில் அந்தச் சாதிக்கு இங்கிலீசுச் சொல் இருந்தது, கழுவித் துடைத்த சொல், றொபேட் ஓரத்தில் துணிச்சல் என்று எழுதி நல்ல மாக்ஸ் போடுவார். றெஸ்ரோறன்ரில் சட்டி கழுவுகிற அப்பா, எங்கட வீட்டில் ஏழாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் என்ர பிள்ளைதான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற அப்பா, "படிச்சிட்டாய் எண்டால் ஒருத்தனும் உன்னட்டக் கேக்கமாட்டான்" என்பார். கேக்கினம் அப்பா. படிச்சபடியால்தான் நானே ரெக்கோடரையும் தூக்கிக்கொண்டு போய் இருந்து கேட்க வைச்சன்… அம்மா வேறு மாதிரி. கடையில் யாராவது எவடம் என்று தொடங்கினால் அம்மா உடனே கேளாதது போல் குனிந்து கத்தரிக்காயில் புழு பார்ப்பா. பொய் சொல்லு என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு எங்கே பழகினாள், இவ்வளவு துப்புரவாக?

செலீன் வந்து கதிரையை இழுத்தாள். றொபேட்டுக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்ப்புச் சரி என்று தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், வகுப்பில் வேறு யார் இருக்கிறார்கள். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாள்களில் விரலை ஓட்டினாள், இடைக்கிடை சிரித்தாள், "ஐயோ, எங்கட மம்மி மாதிரியே கதைக்கிறா." மங்கையற்கரசி தன் கடைசிப் பக்கத்தைக் கவிழ்த்து முழங்கையால் அமத்திக்கொண்டு, அந்த விரல் எந்த வரியில் நிற்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் எங்கும் நிற்கவில்லை. செலீன் கையெழுத்துப் போட்டாள், பேனையை மூடினாள், எழும்பப் போனவள் திரும்பினாள்.

"அப்ப நீங்கள் கிழக்குப் பக்கமோ? மம்மியும் உந்த ஊர்தான். சொன்னால் சந்தோசப்படுவா."

ஓம் என்றால் முடிந்தது. தொண்டை வரைக்கும் வந்தும் விட்டது. முழங்கையைத் தூக்கி அந்தப் பக்கத்தை நீட்டினாலும் முடிந்தது, செலீன் சத்தமில்லாமல் இங்கிலீசில் வாசித்துவிட்டுப் போய்விடுவாள், அதுவும் ஒரு விதத்தில் புழு பார்க்கிறதுதானே…

"இல்லை" என்றாள்.

"இல்லையோ? அப்ப எவடம்?"

மேற்கு என்று சொல்லலாம், ஆனால் அது அவர்களுடைய கேள்விக்கு அவர்களுடைய பதில், திசையைச் சொல்லிவிட்டு மிச்சத்தை மற்றவர் முகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிற விளையாட்டு. சாதியின் பேரை நேரே சொல்ல வேண்டும். சொல் தெரியும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், "உங்கட ஆக்களுக்கு உவ்வளவு நீளப் பேரோ" என்று கேட்டு அதைச் சொன்னார், கிணற்றடியில் சொன்னார்கள், வகுப்பில் பின்வரிசை வாங்கில் இருந்து கடதாசி சுருட்டி எறிவது போல் எறிந்தார்கள். செலீன் புருவத்தை உயர்த்திக்கொண்டு நிற்கிறாள், பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், மங்கையற்கரசி வாயைத் திறக்கிறாள், இருபது வருசமாக மற்றவர்களின் வாயில் மட்டுமே கேட்ட அந்தத் தமிழ்ச் சொல் தன்னுடைய வாயில் எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.