ஆறு மணி நேரம் பிந்தி வந்த குரல்

வேளாண் விரிவாக்கத் துறைத் தலைவர் பேராசிரியர் காளிதாஸின் குரல் அவருடைய வாய்க்குப் பின்தங்கத் தொடங்கியது பங்குனி பதினான்காம் தேதி, பகல் பதினொன்றே கால் மணிக்கு, சிக்கல் ஊராட்சிக் கூடத்தில். முதல் நாள் மூன்று நொடிதான் பிந்தியது. கூட்டத்துக்கு வந்திருந்த அறுபது பேரும் மைக் செட்டுக்காரரைத் திட்டினார்கள். சித்திரையில் அது அரை மணி நேரமாயிற்று, வைகாசியில் இரண்டு மணி நேரம். ஆடி பிறந்தபோது சரியாக ஆறு மணி நேரத்தில் வந்து நின்று, அதற்குமேல் கூடவுமில்லை, குறையவுமில்லை. அந்த வருடம் முண்டு மிளகாய் வத்தலுக்கு நல்ல விலை கிடைத்தது என்பதும் சிக்கல்காரர்கள் இதோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கும் செய்தி.

இரண்டில் முதலாவதற்குக் காரணம் வீரலட்சுமி. ஊருக்குக் கிழக்கே இரண்டரை ஏக்கர் மிளகாய்க் கொல்லை வைத்திருந்தாள். விதையை வெளியே வாங்கும் வழக்கம் இல்லை; போன வருடத்துப் பழத்தில் நல்லதாகப் பொறுக்கி எடுத்துக்கொள்வாள். மூன்று வருடங்களுக்கு முன் பேராசிரியர் ஒரு புதிய ரகத்தைக் கொண்டுவந்தபோது நான்கு விதையை உள்ளங்கையில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது எங்க தண்ணிய ஒரு மடக்குக் குடிச்சாலே குப்புறப் படுத்துரும் சார்" என்றாள். பக்கத்துக் கொல்லைக்காரனான அவளுடைய தம்பி செல்லச்சாமி வாங்கிக்கொண்டான். பேராசிரியர் அவனுக்குப் பொன்னாடை போர்த்தி, 'முன்னோடி விவசாயி' என்று பட்டம் கொடுத்து, அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். கூட வந்தவர்கள் பாலிதீன் பையில் இரண்டு கை மண் அள்ளிப் பரிசோதனைக்கென்று கொண்டுபோனார்கள். தை மாதம் செல்லச்சாமியின் செடிகள் இலை சுருண்டு, பூவெல்லாம் உதிர்ந்து, அக்காள் சொன்னபடியே குப்புறப் படுத்தன. கிணற்றுத் தண்ணீரின் உப்பு தாங்கவில்லை. 'பரிந்துரைகளை விவசாயி முறையாகக் கடைப்பிடிக்காததே தோல்விக்குக் காரணம்' என்று பேராசிரியரின் அறிக்கை சொன்னது. அதை யாரோ வாட்சப்பில் ஊருக்குள் விட்டார்கள். அதன்பிறகு டீக்கடைக்குப் போனால், "ஏலே முன்னோடி, இன்னிக்கு எதை முன்னால ஓட்டிக்கிட்டுப் போற?" என்று கேட்பார்கள். ஒரு நாள் செல்லச்சாமி டீக் கிளாசைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறினான். மண்டபம் துறைமுகத்தில் ஐஸ்கட்டி உடைக்கும் வேலை. அவன் நிலத்தில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு ஏறியது. வீரலட்சுமி தினமும் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே தன் வரப்பில் நடந்தாள். தம்பி திரும்பி வர வேண்டும். அதற்கு, பொய் சொன்ன வாயே ஊர் நடுவில் உண்மையைச் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்தப் பங்குனிக் கூட்டத்தில் பேராசிரியர் திரையில் படம் காட்டினார். புதுமையை ஏற்கும் வேகத்தை வைத்து விவசாயிகளை ஐந்து வகையாகப் பிரித்திருந்தார். கடைசி வகைக்குப் பெயர் 'பின்தங்கியோர்'. அதில் ஒரே ஒரு பெயர்: வீரலட்சுமி, வயது நாற்பத்தேழு, எட்டாம் வகுப்பு. அவள் எழுந்து மேடைக்குப் போனாள். இடுப்பில் அதே பாலிதீன் பை இருந்தது. மூன்று வருடமாகப் பேராசிரியரின் காரில் சீட்டுக்கு அடியில் கிடந்த மண்ணை, டிரைவர் நெய்னா முகம்மது மனசு கேட்காமல் அன்று காலையில்தான் அவளிடம் திருப்பிக் கொடுத்திருந்தார். பைமேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகூடக் கிழியவில்லை. அவள் பையைப் பிரித்து, மண்ணை வாரிப் பேராசிரியர் முன்னால் தூற்றினாள்.

"பின்தங்கியோரா? ஒங்க பேச்சு ஒங்க வாய்க்குப் பின்னால தங்கட்டும்!"

தாலுகா அலுவலகத்துக்குப் போன மனுவைப்போல் அல்லாமல், இது உடனே நடைமுறைக்கு வந்தது.

ஆனால் பல்கலைக்கழகத்தில் இதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நெய்னா வந்து சொன்னபோது வீரலட்சுமிக்கு வயிறு எரிந்தது. விதைப்புக்கான பரிந்துரை அறுவடைக்கும், அறுவடைக்கான பரிந்துரை அடுத்த விதைப்புக்கும் போய்ச் சேரும் இடத்தில் ஆறு மணி நேரத் தாமதம் என்பது சுறுசுறுப்பு. அந்தத் துறையில் ஏழு பணியிடங்களில் நான்கு காலி. ரகம் கண்டுபிடிக்கிறவர்கள், அதை ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய விரிவாக்கக்காரர்களைத் தபால்காரர்கள் என்பார்கள். விரிவாக்கக்காரர்கள் தங்களைச் சமூக விஞ்ஞானிகள் என்பார்கள். ஊருக்குள் வந்துபோனது உண்மையான தபால்காரர் மட்டும்தான். வேறு பிரிவில் இடம் கிடைக்காத பிள்ளைகள் அங்கே சேர்ந்து, நூற்றிருபது விவசாயிகளிடம் ஐம்பது கேள்வி கேட்டு, விழுக்காடு போட்டு, பட்டம் வாங்கி, வங்கி வேலைக்குப் போனார்கள். பேராசிரியர் காளிதாஸ் தன் குரலைப் பற்றியே 'தகவல் பரிமாற்றத்தில் கால இடைவெளி' என்று ஒரு கட்டுரை எழுதினார். அது வெளிநாட்டு இதழில் வந்தது. சிறந்த விரிவாக்க அறிஞர் விருதுக்கு அவர் பெயரை அனுப்பினார்கள்.

குரலை மேய்க்கவும் அவர் பழகிவிட்டிருந்தார். மாலை மூன்று மணிக்குக் கூட்டமென்றால் காலை ஒன்பது மணிக்கே காருக்குள் உட்கார்ந்து முழு உரையையும் வாயசைத்துத் தீர்த்துவிடுவார். மூன்று மணிக்கு மேடையில் வாயை மட்டும் ஒத்துப்போக அசைப்பார். "சினிமாக்காரன் தோத்துருவான் அக்கா" என்றார் நெய்னா. அவருக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்தது. பயிற்சி முகாமுக்கு ஆள் சேராத நாளெல்லாம் அவர் தலையில் துண்டைக் கட்டி உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். அப்படி நாற்பத்திரண்டு அறிக்கைகளில் அவர் பயன்பெற்ற விவசாயி. ஒரு செடிகூட நட்டதில்லை.

புரட்டாசியில் சிக்கலிலேயே உழவர் விழா வைத்து விருதைக் கொடுப்பதென்று முடிவாயிற்று. மூன்று மணிக்கு விழா. பேராசிரியர் பேசி முடித்து நான்கு மணிக்கெல்லாம் காரில் ஏறிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வீரலட்சுமி விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

"நெய்னாத் தம்பி, பதினோரு மணிக்கு அவர் வாயக் கிண்டிவிடு. விதையப் பத்திக் கேளு. அஞ்சு மணி வரைக்கும் மேடையில நிப்பாட்ட வேண்டியது என் பொறுப்பு."

"எப்புடிக்கா நிப்பாட்டுவீக?"

"மரியாதையாலதான்."

விருது கொடுக்க வந்த சிறப்பு விருந்தினரின் காரை ஊர் எல்லையிலேயே மகளிர் குழுவை வைத்து மறித்தாள். ஆரத்தி எடுத்தார்கள். நாற்பது மாலைகளை நாற்பது பேர் தனித்தனியாகப் போட்டார்கள். கும்மி அடித்தார்கள். பிறகு கண்மாய்க் கரையில் கொடியேற்றம், பள்ளிக்கூடத்தில் மரக்கன்று, மூன்று தெருவில் மூன்று சால்வை. விருந்தினர் ஒரு மாலையைக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை; சொல்லக்கூடியவராக இருந்திருந்தால் இப்போதிருக்கும் பதவிக்கு வந்திருக்க மாட்டார். மேடையில் பேராசிரியர் காத்திருந்தார். மூன்று மணிக்கு அவருடைய விருது ஏற்புரை, அழைக்காமலே புறப்பட்டு, காலி நாற்காலிகளுக்கும் சாமியானாக் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் கேட்டு முடிந்தது. விருந்தினர் மேடையேறியபோது மணி நாலே முக்கால். ஐந்து மணிக்கு, கடிகாரத்தைப் பார்த்து நழுவப் பார்த்த பேராசிரியரின் சட்டைக் காலரில் மைக்கைக் குத்தி நடுமேடையில் நிறுத்தினார்கள். பின்வரிசையில் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு செல்லச்சாமி உட்கார்ந்திருந்தான். அக்காள் போன் போட்டு வரவழைத்திருந்தாள்.

முதலில் ஓர் ஏப்பம் ஒலிபெருக்கியில் கேட்டது. பிறகு, காருக்குள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற ஆளின் சாவகாசமான குரல்.

"அந்த முறுக்குப் பொட்டலத்த இங்கிட்டு நகட்டு, நெய்னா. எந்த விதை? ஓ, அதா. அது உப்புத் தண்ணிக்குத் தாங்காதுன்னு எங்களுக்கு மொதல்லயே தெரியும்யா. சோதனைத் திடல்லயே செத்துப்போச்சு. மார்ச்சுக்குள்ள இத்தன ஏக்கருன்னு இலக்கு, என்ன செய்ய? அந்தச் செல்லச்சாமி மேல தப்பில்லய்யா, பாவம், சொன்னதெல்லாம் ஒண்ணு விடாமச் செஞ்சான். அவன் தலையில எழுதலேன்னா என் தலையில எழுதுவாங்கள்ல?"

பேராசிரியர் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். குரல் அதைப் பொருட்படுத்தவில்லை. மேடையை விட்டு இறங்கி ஓடினார். குரலும் காலர் மைக்கும் கூடவே ஓடின. "இன்னிக்கு வாரானே ஒரு வெத்துவேட்டு, அவன் கையால விருது வாங்குறதுக்கு" என்ற இடத்தில் விருந்தினர் தன் கழுத்திலிருந்த மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். நாற்பதையும் கழற்ற நேரமானது.

செல்லச்சாமி முகத்திலிருந்து துண்டை எடுத்துவிட்டு எழுந்தான். டீக்கடைக்காரர் அவனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், எழுந்து தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார். அவன் உட்காரவில்லை.

"அருவா எங்கக்கா இருக்கு?" என்று கேட்டான்.

மறுநாள் காலை கருவேலம் சாயும் சத்தம் கிழக்குப் பக்கமிருந்து கேட்டது. ஐப்பசி மழைக்குத் தன் இரண்டு ஏக்கரிலும் முண்டு மிளகாய் விதைத்துவிட்டான்.

பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைத்தது. குழு காலை பத்து மணிக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் மாலை நான்கு மணிக்கு வந்தது. குழு மூன்றரைக்கே கிளம்பிவிட்டிருந்தது. 'விளக்கம் பெறப்படவில்லை' என்று எழுதினார்கள். விசாரணை இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பது மணிக்கு, பேராசிரியர் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார். வரப்பில் நின்று, கைகூப்பி, ஐந்து நிமிடம் வாயசைத்தார். சொன்னது வீரலட்சுமியின் காதில் விழ வேண்டுமென்றால் மூன்று மணி வரை அவர் அங்கேயே இருந்தாக வேண்டும். இருபத்தாறு வருடப் பணியில் அவர் ஒரு கொல்லையில் அரை மணிக்குமேல் நின்றதில்லை.

"சும்மா எதுக்கு சார் நிக்கிறீக?" என்று வீரலட்சுமி களைக்கொத்தியை நீட்டி, தம்பியின் பாத்தியைக் காட்டினாள். முதல் மணி நேரத்தில் களையைவிட மிளகாய்க் கன்றைத்தான் அதிகம் வெட்டினார். "ஏலே, சாருக்கு எது செடின்னு காட்டிக் குடுரா" என்றாள். செல்லச்சாமி குனிந்து காட்டிக்கொடுத்தான். மத்தியானம் கூழும் மோர்மிளகாயும் கொடுத்தார்கள். மூன்று மணிக்குக் குரல் வந்தது: மன்னிப்பு, வேண்டுகோள், சாபத்தை எடுத்துவிடும்படி கெஞ்சல், எல்லாம் நல்ல இலக்கணத் தமிழில்.

சாபத்தை எடுக்கும் வழி வீரலட்சுமிக்குத் தெரியாது. அதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. காதோரம் கையைக் குவித்து முழுவதையும் கேட்டாள்.

"காத்து அங்கிட்டு அடிக்குது, சரியா வெளங்கல சார். வார செவ்வாக்கிழம வந்து இன்னொரு தடவ சொல்லுங்க."

அவர் வந்தார். இப்போதும் வருகிறார். ஒன்பது மணி பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர் அவரிடம் எந்த ஊர் என்று கேட்பதில்லை.